“வேறு மருந்து எதுவும் இல்லை”: நாடித்துடிப்பு 46, கைப்பையில் நான்கு குப்பிகள்

இது ஒரு தனி நபரின் கோப்பு அல்ல. பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு. அளவுகளும் கால இடைவெளிகளும் மருந்தியலுக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டுள்ளன.

நிகழ்வு

58 வயதுப் பெண். உயர் ரத்த அழுத்தத்துக்கு நான்கு ஆண்டுகளாகக் காலையில் அட்டெனலால் 50 மி.கி., இரவில் அம்லோடிபின் 5 மி.கி. எடுத்துவருகிறார். நீரிழிவு, ஆஸ்துமா இல்லை. முந்தைய வருகைகளில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 58 முதல் 64 வரை. ரத்த அழுத்தம் 140/88-ஐ ஒட்டி இருந்தது. வழக்கமான மூன்று மாதப் பரிசோதனைக்கு வந்தபோது அவர் சொன்னவை: மூன்று வாரமாக அசதி, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, இரவில் மூக்கு அடைக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை.

நாடி 46. உட்கார்ந்த நிலையில் அழுத்தம் 104/62. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில் 82/54. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது நிலைமாற்றத் தாழழுத்தம்; இங்கே இறங்கியது 22. ஈ.சி.ஜி.யில் சைனஸ் பிராடிகார்டியா, அதாவது சீரான, ஆனால் மெதுவான துடிப்பு; இதய மின்தடை இல்லை. தைராய்டு, பொட்டாசியம், கிரியேட்டினின் எல்லாம் இயல்பு.

மருந்துச்சீட்டை எழுதிக்கொண்டே மருத்துவர் கேட்டார்: “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?”

“இல்லைங்க டாக்டர்.”

அட்டெனலால் 25 மி.கி.யாகக் குறைக்கப்பட்டது. மூக்கடைப்புக்கு இரவில் செட்டிரிசின் 10 மி.கி. மனச்சோர்வை அடுத்த முறை பார்ப்பதாக முடிவு. பத்து நாள் கழித்து வந்தார்: நாடி 48, தலைசுற்றல் அப்படியே, புதிதாகப் பகல் தூக்கம். அட்டெனலாலைப் பாதியாக்கிய பிறகும் நாடி ஏறாதது கவனிக்க வேண்டிய முதல் குறிப்பு. நான்கு ஆண்டுகள் ஒத்துப்போன அளவு திடீரென்று ஏன் அதிகமாயிற்று என்ற கேள்விக்கு யாரும் விடை தேடவில்லை.

இரண்டாவது விசாரணை

அன்று மருந்தாளுநர் தனியாக உட்கார்ந்து பேசினார். முதலில், மாத்திரைகளை நாளின் எந்த நேரத்தில் எடுக்கிறார் என்று காலையிலிருந்து இரவு வரை வரிசையாகக் கேட்டார். அதன்பிறகு:

“பி.பி. மாத்திரை எடுக்கிற நிறைய பேர் தூக்கத்துக்கு, படபடப்புக்குன்னு கூடவே சொட்டு மருந்து, சர்க்கரை உருண்டை, கஷாயம், பொடின்னு ஏதாவது எடுப்பாங்க. நீங்க எதை எடுக்கிறீங்க?”

“ஹோமியோபதி மட்டும்தாங்க. அதுல பக்கவிளைவு கிடையாதுல்ல, அதான் சொல்லல.”

“நல்லதும்மா, சொன்னது உதவியா இருக்கு. உருண்டையா, சொட்டா?”

“ரெண்டும் இருக்கு. பையிலேயே வச்சிருக்கேன்.”

இரண்டு விசாரணைகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு கனிவில் மட்டும் இல்லை. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் மிக எளிது. சொல்பவருக்குப் பொய் சொன்ன உணர்வும் வராது, ஏனென்றால் அவர் கணக்கில் மருந்து என்பது டாக்டர் எழுதித் தருவது. இரண்டாவது கேள்வி வடிவங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னது, பலரும் எடுப்பதுதான் என்று வெட்கத்தைக் களைந்தது, ‘எடுக்கிறீர்களா’ என்பதை விட்டு ‘எதை எடுக்கிறீர்கள்’ என்று கேட்டது. பதில் வந்ததும் முகம் மாறாமல் அடுத்த கேள்விக்குப் போனதும் முக்கியம். ‘அதெல்லாம் எதுக்கும்மா?’ என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் பை திறந்திருக்காது.

நான்கு குப்பிகள்

முதல் குப்பி: ரவுல்ஃபியா செர்பென்டினா, பெயருக்குப் பின் ‘க்யூ’ என்ற எழுத்து. இருபது சொட்டு, கால் தம்ளர் தண்ணீரில், நாளுக்கு மூன்று வேளை. இரண்டாவது: பாசிஃப்ளோரா இன்கார்னேட்டா, அதுவும் க்யூ, இரவில் இருபது சொட்டு. மூன்றாவது: நக்ஸ் வாமிகா 30சி உருண்டைகள். நான்காவது குப்பியில் வெள்ளை உருண்டைகள் மட்டும், லேபிளே இல்லை.

ஹோமியோபதியைத் தண்ணீர் என்று ஒதுக்குகிற மருத்துவரும், பக்கவிளைவே இல்லாதது என்று நம்புகிற நோயாளியும் இடறுகிற இடம் ஒன்றுதான்: பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்து. 30சி என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. மூலப்பொருளின் ஒரு பங்குக்கு எதிரே 1-க்குப் பின் 60 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் கரைப்பான். ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகள் 6.022 பெருக்கல் பத்தின் 23-ஆம் அடுக்கு என்பதால், 12சி அளவைக் கடந்ததும் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. நக்ஸ் வாமிகா எட்டிக்கொட்டையிலிருந்து வருவது, எட்டியில் ஸ்டிரிக்னின் உண்டு. இருந்தும் 30சி உருண்டையால் யாருக்கும் ஸ்டிரிக்னின் நஞ்சு ஏறாததற்கு இதுவே காரணம்.

க்யூ அப்படியல்ல. அது தாய்த் திரவம், கடைகளில் மதர் டிங்சர். செடியை மதுவில் ஊறவைத்து எடுத்த சாறு. நீர்த்தலே இன்னும் தொடங்கவில்லை. சில லேபிள்களில் இந்த எழுத்துக்குப் பதிலாகக் குறுக்குக் கோடு போட்ட வட்டம் இருக்கும். மருந்தியல் கண்ணில் இது மூலிகைச் சாறுதான், ஹோமியோபதி அலமாரியில் இருக்கிறது, அவ்வளவே. இரண்டுக்கும் நடுவே எக்ஸ் அளவு: பத்தில் ஒன்றாக நீர்த்தவை. 1எக்ஸ், 2எக்ஸ், 3எக்ஸ் ஆகியவற்றிலும் அளவிடத்தக்க பொருள் இருக்கிறது. மூக்கில் இடும் துத்தநாக ஹோமியோபதித் தயாரிப்புகளைப் பயன்படுத்தியவர்களில் பலர் முகர்வுணர்வை இழந்ததாகப் புகார்கள் குவிந்து, 2009-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அவை இத்தகைய குறைந்த நீர்த்தல் கொண்டவைதாம்.

ரவுல்ஃபியா என்பது சர்ப்பகந்தா. அதன் வேரில் உள்ள ரெசர்பின் 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1949-இல், ருஸ்தம் ஜல் வக்கீல் உயர் ரத்த அழுத்தத்தில் இந்த வேரைப் பயன்படுத்திப் பார்த்த முடிவுகளை பிரிட்டிஷ் இதய ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். ஆக, இது அழுத்தத்தைக் குறைக்கும் என்பதில் மர்மம் ஏதுமில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் பொருள் என்பதால்தான் இங்கே சிக்கலே.

அளவைக் கணக்கிடலாம். மது கலந்த சாறு 1 மி.லி.க்கு, சொட்டுக்குழாயைப் பொறுத்து, சுமார் 35 முதல் 50 சொட்டு. நாளுக்கு 60 சொட்டு என்றால் 1.2 முதல் 1.7 மி.லி. சாறு 1:10 வலிமையில் செய்யப்பட்டிருந்தால் 0.12 முதல் 0.17 கிராம் வேர். ரெசர்பின் வகை ஆல்கலாய்டுகள் வேரில் 0.15 சதவீதம் என்று வைத்தால், முழுவதும் சாற்றில் இறங்கியிருக்கும் பட்சத்தில், நாளுக்கு 0.18 முதல் 0.26 மி.கி. ரெசர்பின் மாத்திரையாக எழுதப்படும் தினசரி அளவே 0.05 முதல் 0.25 மி.கி. வரைதான். குப்பியில் இருந்ததை ஆய்வகத்தில் அளக்கவில்லை. உண்மை அளவு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் எழுதித்தரும் மாத்திரைக்கு இணையான அளவு வரை போகக்கூடும் என்பதே கவலைக்குப் போதும்.

ரெசர்பின் நரம்பு முனைகளில் நாரட்ரினலின், டோபமின், செரோடோனின் சேமிப்பைக் காலியாக்குகிறது. எனவே விளைவு மெதுவாகத் தொடங்கும்; முழுமையாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்; நிறுத்திய பிறகும் சில வாரம் நீடிக்கும். நாடி குறைதல், எழுந்தால் தலைசுற்றல், மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம் எல்லாம் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அட்டெனலால் போன்ற, இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பான்களோடு சேரும்போது நாடியும் அழுத்தமும் கூடுதலாக இறங்கும். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கை மருந்துக் குறிப்பில் உண்டு. அந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்று பிற்கால மறுஆய்வுகள் கேட்டிருக்கின்றன. எச்சரிக்கை இருக்கும்வரை நோயாளியிடம் மனநிலையைக் கேட்டே ஆக வேண்டும்.

மூக்கடைப்பைத் தனி நோயாகப் பார்த்ததால் செட்டிரிசின் வந்தது. அதோடு பாசிஃப்ளோராவின் மயக்கத் தன்மையும் சேர்ந்து பகல் தூக்கம் வந்தது. மனச்சோர்வுக்கும் மாத்திரை தொடங்கியிருந்தால் ஒரே பக்கவிளைவுக் கூட்டத்துக்கு இரண்டாவது மருந்தாகியிருக்கும்.

ஹோமியோபதியரின் அறையில் நடந்தது

அவர் ஹோமியோபதியரிடம் போனது ரத்த அழுத்தத்துக்காக அல்ல. மாலையில் வீட்டுக் கருவியில் 156/94 காட்டியது. பயத்தில் தூக்கம் போயிற்று. முந்தைய பரிசோதனையில் இதைச் சொன்னபோது “கூடக்குறையத்தான் இருக்கும்” என்ற பதிலோடு பேச்சு முடிந்தது. ஹோமியோபதியர் ஐம்பது நிமிடம் கேட்டார்: தூக்கம், கனவு, வியர்வை, எது சாப்பிடப் பிடிக்கும், எதற்குக் கோபம் வரும். தன்னை முழுதாகக் கேட்ட ஒருவர் தந்த குப்பியை, பாதி கேட்ட ஒருவரிடம் காட்ட அவருக்குத் தோன்றவில்லை.

இந்தக் கேட்டலின் பலனை ஏளனம் செய்ய முடியாது. 2011-இல் ருமட்டாலஜி ஆய்விதழில் வெளியான சோதனை, முடக்குவாதம் உள்ள 83 பேரில் ஹோமியோபதி ஆலோசனையையும் மருந்தையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. பலன் ஆலோசனையால் வந்தது, மருந்தால் அல்ல என்பது அதன் முடிவு. இரு தரப்பும் இதைத் தமக்குச் சாதகமாகப் பாதி மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம்.

ஆனால் அதே அறையில் இரண்டு பிழைகள் நடந்தன. ‘ஆங்கில மருந்து ஏதாவது?’ என்ற கேள்விக்கு அவர் ‘பி.பி. மாத்திரை’ என்றார், ஏட்டில் அப்படியே ஏறியது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், நாடி எவ்வளவு என்பது இல்லை. பீட்டா தடுப்பான் என்று தெரிந்திருந்தால் ரவுல்ஃபியா க்யூ எழுதும் கை தயங்கியிருக்க வேண்டும். இரண்டாவது பிழை இன்னும் ஆபத்தானது: “முதல்ல கொஞ்சம் அசதி கூடும், மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.” தொடக்க ஏற்றம் என்ற இந்தக் கருத்து ஹோமியோபதியில் பழையது. முடிவுத் தேதியோ எல்லையோ இல்லாமல் சொல்லப்படும்போது, எந்தப் பக்கவிளைவும் நல்ல அறிகுறியாக மாறிவிடுகிறது. மூன்று வாரம் அவர் தலைசுற்றலைப் பொறுத்துக்கொண்டதற்கு இந்த ஒரு வாக்கியம் காரணம்.

சொல்லாமல் விடுவது இவர் ஒருவரின் குணமும் அல்ல. அமெரிக்காவில் ஐசன்பெர்க் குழு 1993-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வழக்கத்துக்கு மாறான சிகிச்சைகளைப் பயன்படுத்தியவர்களில் 72 சதவீதம் பேர் தம் மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை. மருத்துவர் கேட்கவில்லை, திட்டுவார் என்ற பயம், அவருக்கு எதற்கு என்ற எண்ணம்: இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி வரும் காரணங்கள் இவை மூன்றும்.

செய்தது என்ன

ரவுல்ஃபியாவும் பாசிஃப்ளோராவும் அன்றே நிறுத்தப்பட்டன. செட்டிரிசினும் நிறுத்தம். அட்டெனலால் 25 மி.கி.யில் தொடர்ந்தது, நாடி குறைவாக இருக்கிறதே என்று பீட்டா தடுப்பானை ஒரேயடியாக வெட்டினால் படபடப்பும் நெஞ்சுவலியும் எகிறலாம். இதய மின்தடை இல்லை, மயங்கி விழவில்லை என்பதால் இந்த முடிவு சாத்தியமாயிற்று. அவற்றில் ஒன்று இருந்தாலும் உள்நோயாளியாகச் சேர்த்துக் கண்காணிக்க வேண்டியிருந்திருக்கும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லப்பட்டது. மனநிலை பற்றியும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்கப்பட்டது, இல்லை என்றார்.

நக்ஸ் வாமிகா 30சி-யை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஊடாட எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிப்போடச் சொல்லியிருந்தால் அவர் எதையும் நிறுத்தாமல், அடுத்த முறை பையைக் கொண்டுவராமல் இருந்திருப்பார். லேபிள் இல்லாத குப்பியை மட்டும், பெயர் தெரியும்வரை தொட வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

“அப்போ ஹோமியோபதி வேலையே செய்யாதா டாக்டர்?” என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வி வந்தே தீரும். நழுவுவதும் தவறு, சொற்பொழிவும் தவறு. மருத்துவரின் பதில்: “30சி உருண்டையில மூலப்பொருள் மிஞ்ச வாய்ப்பு இல்ல. வெறும் சர்க்கரை உருண்டையோட ஒப்பிட்டுப் பார்த்த நல்ல ஆய்வுகள்ல பெரிய வித்தியாசம் தெரியல. நீங்க தொடர்றதா இருந்தா நான் கோவப்பட மாட்டேன். பி.பி. மாத்திரையை என்கிட்ட கேக்காம குறைக்கக் கூடாது, க்யூன்னு எழுதின எதையும் காட்டாம ஆரம்பிக்கக் கூடாது, நாடி 50-க்குக் கீழ போனா, மயக்கம் வந்தா, ‘மருந்து வேலை செய்யுது’ன்னு காத்திருக்கக் கூடாது.” ஆய்வுகள் பற்றி அவர் சொன்னது 2015-இல் ஆஸ்திரேலியத் தேசிய உடல்நலம் மற்றும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் மதிப்பாய்வில் எட்டிய முடிவோடு ஒத்துப்போகிறது: ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பகமான சான்றுள்ள நோய்நிலை எதுவும் இல்லை.

நோயாளியின் ஒப்புதலோடு ஹோமியோபதியருக்கு ஒரு கடிதம் போயிற்று. கடிதம் இவ்வளவுதான்:

“வணக்கம். நம் இருவரிடமும் சிகிச்சை பெறும் இவர் அட்டெனலால், அம்லோடிபின் எடுக்கிறார். ரவுல்ஃபியா க்யூ தொடங்கி மூன்று வாரத்தில் நாடி 46, நின்ற நிலை அழுத்தம் 82/54. ரவுல்ஃபியா தாய்த் திரவத்தில் ரெசர்பினும் பாசிஃப்ளோராவில் மயக்கத் தன்மையும் இருப்பதால் இரண்டு க்யூ மருந்துகளையும் நிறுத்தியுள்ளோம். லேபிள் இல்லாத உருண்டைகளின் பெயரையும் வீரியத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். இவரது முழு மருந்துப் பட்டியலை இணைத்துள்ளேன். தங்கள் பட்டியலையும் அனுப்பினால் ஒரே தாளில் சேர்த்துக்கொள்ளலாம்.”

கொள்கைச் சண்டை ஒரு வரிகூட இல்லை. அளந்த எண்கள், ஒரு முடிவு, ஒரு கேள்வி, ஒரு வேண்டுகோள். நான்கு நாளில் பதில் வந்தது: அந்த உருண்டைகள் நேட்ரம் மூரியாட்டிகம் 200சி, அதாவது மிகமிக நீர்த்த சமையல் உப்பு. இனி இவருக்குத் தாய்த் திரவம் எழுதப்போவதில்லை என்றும் குறிப்பு இருந்தது.

போக்கும் காரணத் தீர்மானமும்

முதல் வாரம் நாடி 52, நின்ற நிலையில் 104/66. பத்தாம் நாள் மூக்கடைப்பு நீங்கியது. மூன்றாம் வாரம் நாடி 60, அழுத்தம் 144/90, தலைசுற்றல் இல்லை. ஒரு பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்பதைக் கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டு எடைபோடுவது நரன்ஹோ அளவுகோல். இந்தக் கட்டத்தில் அதில் கிடைத்த மதிப்பெண் 4. முன்பே அறியப்பட்ட விளைவு 1, மருந்துக்குப் பின் தோன்றியது 2, நிறுத்தியதும் சீரானது 1, அளவீட்டுச் சான்று 1, மாற்றுக் காரணம் இருப்பதால் கழித்தல் 1. ஒன்று முதல் நான்கு வரை ‘சாத்தியம்’ என்ற நிலைதான். கழித்தலுக்குக் காரணம் அட்டெனலால்: அதன் அளவும் இடையில் குறைக்கப்பட்டதால், நாடி ஏறியது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூக்கடைப்பு போனது சர்ப்பகந்தாவைச் சுட்டினாலும் அது மட்டும் போதாது.

நான்காம் வாரம் அட்டெனலால் பழையபடி 50 மி.கி. ஆக்கப்பட்டது. அழுத்தத்துக்கு அது தேவைப்பட்டது. கூடவே காரணக் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஆறாம் வாரம் நாடி 59, அழுத்தம் 136/84, நின்றாலும் இறக்கமில்லை. முழு அளவு அட்டெனலால் தனியாக இருக்கும்போது பிரச்சினை இல்லை என்று தெரிந்ததால் மாற்றுக் காரணம் விலகியது. கழித்தல் 1 போய்க் கூட்டல் 2 வந்து மதிப்பெண் 7, அதாவது ‘பெரும்பாலும் இதுவே’. ரவுல்ஃபியாவை மீண்டும் கொடுத்துப் பார்ப்பது ஏற்கத்தக்கதல்ல. அந்தக் கேள்வி சுழியத்திலேயே நின்றது. நிகழ்வு மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புக்குத் தெரிவிக்கப்பட்டது. படிவத்தில் வீரியம், தயாரிப்புத் தொகுதி எண், நாளுக்கு எத்தனை சொட்டு மூன்றும் எழுதப்பட்டன. ‘ஹோமியோபதி மருந்து’ என்று மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கை யாருக்கும் பயன்படாது.

மனநிலை சீரானது கடைசியாகத்தான், ஏழாம் வாரத்தில்.

முதலில் அவரை அலைக்கழித்த 156/94-க்கும் விடை கிடைத்தது. மாடி ஏறி வந்த உடனே, கையைத் தொங்கவிட்டபடி அளந்திருக்கிறார். ஐந்து நிமிடம் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்கக் காட்டித்தரப்பட்டது. அதன்பின் மாலை அளவுகள் 134-க்கும் 142-க்கும் இடையே நின்றன. தூக்கமின்மைக்குத் தனியாக இருபது நிமிடச் சந்திப்பு ஒதுக்கப்பட்டது.

அவரது கோப்பின் மருந்துப் பக்கத்தில் இப்போது நான்காவது பத்தி ஒன்று உண்டு: பெயர், பெயருக்குப் பின் உள்ள எழுத்து, சொட்டா உருண்டையா, யார் தந்தது. நக்ஸ் வாமிகா 30சி, நேட்ரம் மூரியாட்டிகம் 200சி இரண்டும் அதில் ஏறியுள்ளன. ரவுல்ஃபியா க்யூ ஒவ்வாத மருந்துகளின் கட்டத்தில், ‘பீட்டா தடுப்பானோடு நாடி 46’ என்ற குறிப்புடன்.